தேயிலைச் சக்கை ஏன் சிவப்பைப் பிடிக்கவில்லை?

வாசகி கேட்டது: நோர்வூட் பக்கம் ஒரு தோட்டத்தில் பழைய பிள்ளைக்காம்பராவை (வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்க்கும் அறை) கேட்டு வாங்கி, நாலு பெண்கள் சேர்ந்து பத்திக் சேலையும் சாரமும் செய்கிறோம். வாரத்துக்கு ஏறக்குறைய 10 கிலோ பருத்தித் துணி போகும். சாயத்தூளைப் புறக்கோட்டையில் உதிரியாக வாங்குகிறோம், கூடவே உப்பும் சலவைச் சோடாவும் போடுவோம். கழிவுத் தண்ணீர் கானில் ஓடி, கீழ் லயத்தார் தண்ணீர் பிடிக்கும் பீலிக்குப் பக்கத்தில் இறங்குகிறது. கீழே இருப்பவர்கள் சத்தம் போடுகிறார்கள், அவர்கள் பேரில் பிழையில்லை. உயர்தரம் படிக்கும் மகன், தேயிலைச் சக்கை 90 வீதம் சாயத்தை உறிஞ்சிவிடும் என்று இணையத்தில் வாசித்துச் சொன்னான். டவுனில் தேத்தண்ணிக் கடைகளில் சக்கையைச் சேர்த்து ஒரு பரலில் நிரப்பி, சாயத் தொட்டித் தண்ணீரை ஊற்றிப் பார்த்தோம். சிவப்பும் போகவில்லை, மண்ணிறமும் சேர்ந்து வந்தது. என்ன பிழை விட்டோம் மிஸ்? கரி போட்டால் சரிவருமா? சட்டப் பிரச்சினை வருமா?

என் பதில்:

தங்கச்சி, முதலில் ஒன்று. இதை வாசித்து முடித்ததும் அந்தக் கானை அடைத்துவிடுங்கள். சக்கை, கரி பற்றியெல்லாம் ஆறுதலாகப் பேசலாம். பீலித் தண்ணீரில் குளிக்கிறார்கள், பிள்ளைகளைக் குளிப்பாட்டுகிறார்கள், பல இடங்களில் குடிக்கவும் அதைத்தான் பிடிக்கிறார்கள். ஒழுங்கான ஏற்பாடு வரும்வரை சாயத் தண்ணீரை மூடியுள்ள பரல்களில் பிடித்து வையுங்கள், இடம் போதாவிட்டால் அந்த வாரம் சாயமிடுவதைக் குறையுங்கள். வேலை நின்றால் கூலி நிற்கும் என்பது எனக்குத் தெரியும், தெரிந்துதான் சொல்கிறேன். கக்கூசுக் குழியில் ஊற்றுவதும் வேண்டாம், அதற்கான காரணம் கொஞ்சம் கீழே வருகிறது.

இனி மகன் வாசித்த விஷயம். அவன் பொய்யாக எதையும் வாசிக்கவில்லை. தேயிலைக் கழிவு, உமி, மரத்தூள், தும்புத்தூள், வாழைப்பழத் தோல், தோடம்பழத் தோல் என்று மலிவான பொருட்களால் சாயத்தை எடுப்பது பற்றி உலகம் முழுக்க ஏராளமான ஆய்வுகள் இருக்கின்றன, நல்ல பெறுபேறுகளும் வந்திருக்கின்றன. ஆனால் அந்த ஆய்வுகளை விரித்துப் பார்த்தால் பலவற்றில் பயன்படுத்திய சாயம் மெதிலீன் நீலம். 2009இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஒரு கிராம் தேயிலைக் கழிவு கிட்டத்தட்ட 85 மில்லிகிராம் சாயத்தைப் பிடித்தது என்று வந்தது, அதுவும் மெதிலீன் நீலம்தான். அது தண்ணீரில் கரைந்தால் நேர் (பிளஸ்) ஏற்றம் கொள்ளும் சாயம். தேயிலைச் சக்கையின் மேற்பரப்போ சாதாரணத் தண்ணீரில் மறை (மைனஸ்) ஏற்றம் கொண்டது, ஆகவே இரண்டும் தானாகவே போய் ஒட்டிக்கொள்ளும். உயர்தரத்தில் இதைப் புறத்துறிஞ்சல் என்று படித்திருப்பான், கேட்டுப் பாருங்கள்.

நீங்கள் போடுவது அந்தச் சாயமில்லை. பருத்தித் துணிக்கு உப்பும் சலவைச் சோடாவும் சேர்த்துக் குளிர்ந்த தண்ணீரிலேயே போடுகிறீர்கள் என்றால் அது அநேகமாக ரியாக்டிவ் சாயம். 1956இல் சந்தைக்கு வந்த வகை, இன்று பருத்திக்கு உலகமெங்கும் அதுதான் ஓடுகிறது. அதன் மூலக்கூறில் சல்போனேட் கூட்டங்கள் இருப்பதால் தண்ணீரில் மறை ஏற்றம் கொள்ளும். சக்கையும் மறை, சாயமும் மறை, ஒரே முனையைக் காட்டிய இரண்டு காந்தம் மாதிரி ஒன்றையொன்று தள்ளும். இதற்கு மேல் சோடா வேறு. சாயத் தொட்டித் தண்ணீரின் பிஎச், அதாவது புளிப்பா காரமா என்று காட்டும் அளவு, 10, 11 என்று நல்ல காரத்தில் நிற்கும், அந்த நிலையில் சக்கையின் மறை ஏற்றம் இன்னும் கூடும். போதாக்குறைக்குச் சோடா சக்கைக்குள் இருக்கும் துவர்ப்பை, அதாவது டனினைக் கரைத்து வெளியே இழுக்கும், நீங்கள் பார்த்த மண்ணிறம் அதுதான். ஆக உங்கள் பரல் செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டது சக்கையின் குறையில்லை, எந்தச் சாயத்துக்கு எந்தப் பொருள் என்று பார்க்காமல் ஊற்றியதுதான் காரணம். இதை மட்டும் பிடித்துக்கொண்டால் மிச்சமெல்லாம் தானாக விளங்கும்.

கடும் நிறங்களுக்கு வேறு வகையும் வாங்குகிறீர்களா என்று பாருங்கள். கோஸ்டிக் சோடாவும் ஹைட்ரோஸும் போட்டுக் கரைக்கச் சொன்னால் அது வாட் சாயம். அதற்குச் சக்கையே தேவையில்லை, காற்றுப் படக் கலக்கிக் கலக்கி விட்டால் சாயம் மறுபடி கரையாத தூளாக மாறிவிடும், ஓரிரு நாள் அசையாமல் வைத்தால் பெரும்பகுதி அடியில் படியும், மேல் தண்ணீரை மணல் வழியாக வடிக்கலாம். ஆனால் ஹைட்ரோஸ் உள்ள தண்ணீரில் எக்காரணம் கொண்டும் அமிலம் ஊற்ற வேண்டாம், மூச்சை அடைக்கும் நச்சு வாயு வரும். பழைய பிள்ளைக்காம்பரா என்றால் ஜன்னல் சின்னதாகத்தான் இருக்கும், மலைக்குளிருக்குக் கதவையும் சாத்தி வைப்பீர்கள், ஆகவே இதை எல்லாரும் கேட்கச் சத்தமாக ஒருமுறை வாசித்துச் சொல்லுங்கள். இரண்டு வகைத் தண்ணீரையும் ஒரே பரலில் சேர்க்கவும் வேண்டாம்.

இனிக் கணக்கு. 10 கிலோ துணிக்கு, ஓரளவு அழுத்தமான நிறம் என்றால் துணி எடையில் 3 வீதம் சாயம் வைப்போம், அதாவது 300 கிராம். ரியாக்டிவ் சாயம் முழுதாகத் துணியில் ஏறாது. நிறத்தையும் முறையையும் பொறுத்து அஞ்சில் ஒரு பங்கு முதல் அஞ்சில் இரண்டு பங்கு வரை தண்ணீரோடு போகும். நடுவில் 30 வீதம் என்று வைத்தால் வாரத்துக்கு 90 கிராம் சாயம் கானில் இறங்குகிறது. 90 கிராம்தானே என்று தோன்றும். சில சாயங்கள் ஒரு லீற்றர் தண்ணீரில் ஒரு மில்லிகிராம் இருந்தாலே கண்ணுக்குத் தெரியும், அப்படியென்றால் 90 கிராமால் 90,000 லீற்றர் தண்ணீரை நிறம் மாற்றலாம். கீழ் லயத்தார் சத்தம் போடாமல் என்ன செய்வார்கள்?

அந்த 90 கிராமைச் சக்கையால் பிடிக்க வேண்டுமானால், மெதிலீன் நீலத்துக்கு வந்த 85 மில்லிகிராம் கணக்கில் ஏறக்குறைய ஒரு கிலோ காய்ந்த சக்கை போதும். அமிலத்தன்மை சரியாக வைத்து ஒரு கிராமுக்கு 10 மில்லிகிராம் பிடித்தால் 9 கிலோ. சோடாவோடு அப்படியே ஊற்றி 3 மில்லிகிராம்தான் பிடித்தால் 30 கிலோ காய்ந்த சக்கை, ஒவ்வொரு வாரமும். சாயம் ஏறிய சக்கை ஈரத்தோடு இதைப் போல மூன்று நாலு மடங்கு கனக்கும். அதை எங்கே கொண்டுபோய் வைப்பீர்கள்? மலிவான பொருள் என்று எழுதுகிறவர்கள் அனேகமாக இந்த இடத்தில் நிறுத்திவிடுகிறார்கள், எனக்கு அதில்தான் கோபம். வாங்கும் விலை மலிவு, சுமந்து ஒழிக்கும் செலவு யார் தலையில்?

அதனால் சக்கையைத் தொடுவதற்கு முன் கழிவைக் குறையுங்கள், இதில் உங்களுக்குக் காசும் மிஞ்சும். உங்கள் ஊர் ஆயிரம் மீற்றருக்கு மேல். குளிர் மாதங்களில் அறைக்குள்ளேயே தண்ணீர் சில்லென்று இருக்கும். குளிர்நீர் ரியாக்டிவ் சாயம் என்று விற்பதும் 20 பாகைக்குக் கீழே மந்தமாகத்தான் வேலை செய்யும், சாயம் துணியைப் பிடிப்பதற்கு முன் நீங்கள் எடுத்து அலசினால் மிச்சமெல்லாம் கானுக்குத்தான் போகும். கொழும்பில் பழகிய ஒருவர் சொன்ன நேரத்தை அப்படியே இங்கே வைக்கக்கூடாது. கைச்சூடு அளவுக்குத் தண்ணீரைச் சுடவைத்துத் தொடங்குங்கள், மெழுகு இளகாத சூடாக இருக்கட்டும், அப்புறம் நேரத்தைக் கூட்டுங்கள்.

இதைவிட நல்ல வழி, பெரிய தொட்டியில் முக்குவதையே விடுவது. துணியைச் சோடாத் தண்ணீரில் நனைத்து எடுத்துக் காயவிட்டு, சாயத்தைக் கொஞ்சத் தண்ணீரில் கெட்டியாகக் கரைத்து, தூரிகையாலோ பஞ்சாலோ பூசி, மெழுகு நொறுங்காமல் தட்டையாக விரித்து இரண்டு பொலித்தீன் விரிப்புக்கு நடுவே ஓர் இரவு முழுக்க, குளிர் கூட என்றால் ஒரு முழு நாள், ஈரம் காயாமல் வையுங்கள். இப்படிச் செய்தால் உப்பே தேவையில்லை. தொட்டி நிறையச் சாயத் தண்ணீர் மிஞ்சாது, சாயமும் கூடுதலாகப் பிடிக்கும். சோடாவைச் சாயத்திலேயே கலந்தால் அது சீக்கிரம் செத்துப் போகும், அதனால்தான் துணியில் முதலில் ஏற்றச் சொல்கிறேன். பரந்த ஒரே நிறப் பின்னணிக்கு இது சிரமம், தெரியும். ஆனால் உங்கள் வேலையில் பாதியையாவது இந்த முறைக்கு மாற்றலாம் என்று நினைக்கிறேன்.

உப்பை நான் இப்படி விரட்டுவதற்குக் காரணம் இருக்கிறது. சக்கை, கரி, உமி, களிமண், எதுவும் உப்பை எடுக்காது. தமிழ்நாட்டுத் திருப்பூர்க் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். நொய்யல் ஆற்றில் சாயக் கழிவு இறங்கி, ஒரத்துப்பாளையம் அணைத் தண்ணீர் வயலுக்கே உதவாமல் போய், கடைசியில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப் பட்டறைகளை மூடச் சொன்னது. அங்கே நிறத்தை எடுக்கும் ஏற்பாடு பல பட்டறைகளில் இருந்தது, தண்ணீரில் உப்பு அப்படியே நின்றது. உங்கள் அளவு அதன் பக்கத்தில் தூசி, ஆனால் உங்கள் கானும் சின்னதுதானே. மலைநாட்டு ஓடைத் தண்ணீர் மென்மையானது, கரைந்த உப்புகள் குறைவு, கொஞ்சம் சோடா விழுந்தாலே பிஎச் சட்டென்று ஏறிவிடும். தேயிலைச் செடிக்குப் புளித்த மண்தான் வேண்டும், ஆகவே இந்தத் தண்ணீரைத் தேயிலைக்குப் பாய்ச்சிவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள், சோடாவும் உப்பும் மண்ணைக் கெடுக்கும். வெயிலில் வற்றவிடுவதும் இந்த மழைக்கும் மூடுபனிக்கும் நடக்கிற காரியமில்லை.

அடுத்து, தண்ணீரைப் பிரியுங்கள். மிஞ்சிய சாயக் கரைசலும் முதல் அலசலும் ஒரு பரலில், பிந்திய அலசல்கள் வேறு பரலில். மெழுகு அவித்த தண்ணீரை ஆறவிட்டு, மேலே கட்டியாகும் மெழுகை வழித்து எடுத்து மறுபடி பாவியுங்கள். அந்தத் தண்ணீர் சக்கைப் பரலுக்குள் போனால் சக்கையின் மேல் மெழுகு பூசிவிடும், அப்புறம் அது எதையும் பிடிக்காது. அலசுவதற்கு மூன்று தொட்டி வைத்து, இன்றைய கடைசித் தொட்டித் தண்ணீரை நாளைய முதல் அலசலுக்கு எடுங்கள். தண்ணீரின் அளவு நன்றாகவே இறங்கும்.

முதல் பரலில் பிடித்த கெட்டித் தண்ணீரைச் சக்கையில் ஊற்ற வேண்டாம். சக்கை பிடிப்பதற்கு அதை அமிலத்தால் புளிப்பாக்க வேண்டும், அதற்கு எவ்வளவு அமிலம் வேண்டும் என்று பாருங்கள்: 50 லீற்றர் தொட்டியில் அரைக் கிலோ நீரில்லாத சோடாத் தூள் இருந்தால் அதை அடக்கவே கிட்டத்தட்ட 12 லீற்றர் வினாகிரி போகும். காசும் போய், வினாகிரியே தண்ணீரில் இன்னொரு கழிவாகச் சேரும். பற்றரி அமிலத்தைக் கையில் எடுக்கவே எடுக்காதீர்கள். காரம் கூடிய சாயத் தண்ணீருக்குச் சுண்ணாம்பும் பெரஸ் சல்பேட் என்ற இரும்பு உப்பும் சேர்ப்பது பழைய முறை, திருப்பூர்ப் பட்டறைகளிலும் அதைப் பரவலாகச் செய்தார்கள். தண்ணீர் ஏற்கெனவே காரமாக இருப்பது இங்கே உதவியாகிறது, இரும்பு கட்டியாகிச் சாயத்தையும் இழுத்துக்கொண்டு அடியில் படியும். எவ்வளவு போடுவது என்பதைப் போத்தலில் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். சீனக்காரத்தையும் முயலலாம், ஆனால் நன்றாகக் கரையும் ரியாக்டிவ் சாயத்தில் அது பல நேரம் ஏமாற்றும், வாட் சாயத் தூளைப் படியவைக்க நல்லது. முருங்கை விதையை இடித்துப் போடுவதைப் பற்றியும் சிலர் சொல்வார்கள். அதன் புரதம் நேர் ஏற்றம் உள்ளது, மறை ஏற்றச் சாயத்தைப் பிடிக்கும், அது உண்மைதான். ஆனால் விதையில் உள்ள மற்றச் சத்துகள் தண்ணீரில் கரைந்து அழுகும், அதோடு மலையில் முருங்கைக்கு எங்கே போவீர்கள்.

சக்கைக்கு வேலை இருப்பது பிந்திய அலசல் தண்ணீரில். அதில் சோடா குறைவு, சாயமும் குறைவு, கொஞ்சம் வினாகிரியோ சிட்ரிக் அமிலத் தூளோ போட்டால் பிஎச் 3க்குப் பக்கத்தில் கொண்டுவந்துவிடலாம். அந்தப் புளிப்பில் சக்கையின் மேற்பரப்பு நேர் ஏற்றத்துக்கு மாறத் தொடங்கும், தள்ளிக்கொண்டிருந்த சாயத்தைப் பிடிக்க ஆரம்பிக்கும். அமிலம் விடும்போது சோடா நுரைத்துப் பொங்கும், ஆகவே கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். பிஎச் தாள் ஒரு கட்டு வாங்கி வையுங்கள், அது இல்லாமல் இந்த வேலை முழுக்கக் குருட்டு வேலை.

சக்கையைத் தயாரிப்பதில் சோம்பல் படக்கூடாது. கடையில் வாங்கியதில் பாலும் சீனியும் இருக்கும், ஒரே நாளில் பூஞ்சணம் பிடிக்கும். அன்றன்றே கொதிநீரில் போட்டு வடித்து, திரும்பத் திரும்ப, வடியும் தண்ணீரில் நிறம் அநேகமாக இல்லை என்று ஆகும்வரை அவியுங்கள். அந்த அவித்த தண்ணீரில் சாயமில்லை, வெறும் தேயிலைச் சாறு, மண்ணில் கொட்டலாம். அப்புறம் அடுப்புப் பரணில் முறுகக் காயவைத்து, பொடிப் பொடியான தூளைச் சலித்து ஒதுக்கிவிட்டுச் சாக்கில் கட்டுங்கள். தூளோடு நிரப்பினால் பரல் அடைத்துக்கொள்ளும். பக்டரியில் கழிவுத் தேயிலை மலிவாகக் கிடைக்கும் என்று யாராவது சொன்னால் கவனம்: கழிவுத் தேயிலையை வாங்குவதும் கொண்டுபோவதும் தேயிலைச் சபையின் கட்டுப்பாட்டில் உள்ள விஷயம், நல்ல தேயிலையில் கலப்படம் நடப்பதால் அப்படி. அனுமதியில்லாமல் ஒரு மூட்டையோடு பிடிபட்டால் சாயத்துக்கு என்று சொல்லி யாரையும் நம்பவைக்க முடியாது. ஊற்றிக் குடித்த சக்கையே போதும்.

கரியைக் கேட்டிருந்தீர்கள். அடுப்புக் கரியும் சிரட்டைக் கரியும் அக்டிவேட்டட் காபன் ஆகாது. அக்டிவேட்டட் காபனை 800, 900 பாகை வெப்பத்தில் நீராவி பாய்ச்சி நுண்துளைகளைத் திறக்க வைத்துத்தான் செய்கிறார்கள், அப்படித் திறந்த ஒரு கிராமில் ஆயிரம் சதுர மீற்றர் அளவுக்குக்கூட மேற்பரப்பு இருக்கும். நம் நாட்டில் சிரட்டையில் செய்து உலகமெல்லாம் அனுப்புகிறோம். ஆனால் சிரட்டைக் காபனின் துளைகள் மிகச் சின்னவை, ரியாக்டிவ் சாயத்தின் மூலக்கூறோ பெரியது, உள்ளே நுழையவே திணறும். குடிதண்ணீரில் நாற்றம், குளோரின் எடுக்க அது அருமையானது, உங்கள் சிவப்புக்கு அந்த விலை கொடுப்பது வீண். பக்டரி அடுப்புச் சாம்பலும் வேண்டாம், அது காரம், நாம் போக வேண்டிய திசைக்கு எதிர். நான் உங்களிடத்தில் இருந்தால் கரிக்கு முன் செம்மண் கலந்த கபுக் கல்லை (லேட்டரைட்) சோதிப்பேன். அதிலுள்ள இரும்பு ஒட்சைட்டு லேசான புளிப்பிலேயே நேர் ஏற்றம் கொள்ளும், மறை ஏற்றச் சாயத்துக்குப் பொருத்தம். இடித்துச் சலித்து, தூசி போகக் கழுவிப் பாவிக்கலாம்.

சோதனை இப்படி. நிறமில்லாத ஜாம் போத்தல்கள் கொஞ்சம் எடுங்கள். முதலில் ஒரு நிற வரிசை செய்யுங்கள்: சாயத் தண்ணீர் அப்படியே ஒன்றில், சரிபாதி நல்ல தண்ணீர் கலந்து அடுத்ததில், அதைப் பாதியாக்கி அதற்கடுத்ததில் என்று கண்ணுக்கு நிறம் தெரியாத வரை. இதுதான் உங்கள் அளவுகோல். பிறகு அரை லீற்றர் அலசல் தண்ணீரில் 5 கிராம், 10 கிராம், 20 கிராம் என்று சக்கை போட்டு, ஒரு வரிசையைப் புளிக்க வைத்து, ஒரு வரிசையை அப்படியே விட்டு, ஒரு மணி நேரம் அடிக்கடி குலுக்கி, தெளியவிட்டு, வெள்ளைத் தாளுக்கு முன்னால் வைத்து நிற வரிசையோடு ஒப்பிடுங்கள். வெறும் தண்ணீரில் சக்கை மட்டும் போட்ட ஒரு போத்தலும் கட்டாயம் வேண்டும், சக்கை தானாக எவ்வளவு நிறம் விடுகிறது என்பது அதில்தான் தெரியும். கபுக், தும்புத்தூள், கிராண்டிஸ் (யூகலிப்டஸ்) மரத்தூள் எல்லாவற்றுக்கும் இதே முறை. மகனிடம் கொடுங்கள், எழுதி வைக்கச் சொல்லுங்கள், உயர்தரப் பையனுக்கு இதைவிட நல்ல செய்முறை கிடையாது. சிவப்புக்கு வந்த பெறுபேறு நீலத்துக்கும் வரும் என்று மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம், நிறத்துக்கு நிறம் மூலக்கூறு வேறு.

சோதனையில் வழி தெரிந்தபின் பரல் வைக்கலாம். அடியில் சல்லி, அதன் மேல் மணல், அதன் மேல் மணலோடு கலந்த சக்கை. ஒரு பரல் போதாது, இரண்டைத் தொடராக வையுங்கள். முதலாவதிலிருந்து நிறம் வரத் தொடங்கினால் அதைக் கழற்றி, இரண்டாவதை முதலாவது இடத்துக்கு நகர்த்தி, புதுச் சக்கைப் பரலைக் கடைசியில் வைக்க வேண்டும், அப்போதுதான் சக்கை முழுதாக வேலை செய்யும், கடைசித் தண்ணீரும் கெடாது. தண்ணீர் சொட்டுச் சொட்டாக இறங்கட்டும், அவசரப்படுத்தினால் பிடிக்காது. கடைசியில் இன்னொரு வாளியில் டொலமைட் வைத்து அதன் வழியாக விட்டால் புளிப்பு குறையும், தோட்டத்தில் தேயிலை மலைக்குப் போடும் அதே டொலமைட்தான். பிஎச் 6க்கு மேல் வராவிட்டால் வெளியே விட வேண்டாம். நிறமில்லாமல் வந்த தண்ணீரை அடுத்த வாரத்து முதல் அலசலுக்கே திருப்பி எடுத்தால் பீலிப் பக்கம் போவதற்கு அநேகமாக ஒன்றும் இருக்காது, எனக்கு அதுதான் ஆசை.

பிளீச்சிங் பவுடர் போட்டால் ஒரு நிமிடத்தில் நிறம் போய்விடுமே என்று யாராவது நிச்சயம் சொல்வார்கள். நிறம் போகும், ஆனால் சாயம் போகாது, உடைந்து குளோரின் ஏறிய வேறு பொருட்களாகத் தண்ணீரில் இருக்கும். கக்கூசுக் குழியை வேண்டாம் என்றதும் இதே மாதிரிக் காரணத்துக்குத்தான். சிவப்பு, மஞ்சள், செம்மஞ்சள் சாயங்களில் நிறைய அசோ வகை. காற்றில்லாத குழிக்குள் நுண்ணுயிர்கள் அவற்றை உடைத்து நிறமில்லாத அரோமட்டிக் அமைன்களாக்கும், அவற்றில் சில புற்றுநோய் உண்டாக்குபவை. அப்படிப்பட்ட அமைன்களைத் தரக்கூடிய அசோ சாயங்களை ஐரோப்பா துணிகளில் தடைசெய்து இருபது வருடம் கடந்துவிட்டது. புறக்கோட்டையில் உதிரியாக, பெயரில்லாத பையில் வாங்கும் தூள் எந்த வகை என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கொஞ்சம் காசு கூடினாலும் பெயரும் எண்ணும் அச்சிட்ட பொதியில் வாங்குங்கள். தூளைக் கரைக்கும்போது முகக்கவசமும் கையுறையும் போடுங்கள், ரியாக்டிவ் தூள் சுவாசத்தில் ஏறினால் ஆஸ்துமா மாதிரி வந்து நிரந்தரமாகிவிடலாம்.

சாயம் பிடித்த சக்கையையும் அடியில் படிந்த சேற்றையும் மரக்கறிப் பாத்திக்குப் பசளையாகப் போட வேண்டாம், அடுப்பில் எரிக்கவும் வேண்டாம். சிமெந்துக் கல்லில் கலந்தால் போகும் என்பார்கள், தேயிலையின் டனின் சிமெந்தை இறுகவிடாது. காயவைத்து, மழை படாமல், பெயர் எழுதிய சாக்கில் கட்டி வையுங்கள். அளவு சேர்ந்ததும் பிரதேச சபையோடு பேசுங்கள். புத்தளத்துச் சிமெந்து உலையில் தொழிற்கழிவு எரிக்கும் ஏற்பாடு இருக்கிறது, ஒரு சின்னப் பட்டறைக்கு அது எட்டாது, ஹட்டன், நோர்வூட் பக்கத்துப் பத்திக்காரர்கள் சேர்ந்தால் கேட்கலாம்.

சட்டம் கேட்டீர்கள். 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் துணிக்குச் சாயமிடும் தொழிலுக்குச் சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் வேண்டும். சிறிய தொழில்களுக்கு அதை உள்ளூராட்சி சபையே மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் சார்பில் கொடுக்கும், ஆகவே நோர்வூட் பிரதேச சபைக்குப் போய் நாலு பேர் வேலை செய்யும் இடம் எந்தப் பிரிவில் வரும் என்று கேளுங்கள். ஓடையில் விடும் தண்ணீருக்கு உயிர்வேதி ஒட்சிசன் தேவை, இரசாயன ஒட்சிசன் தேவை, அதாவது அதிலுள்ள அழுக்கு சிதையும்போது எவ்வளவு ஒட்சிசனை இழுக்கும் என்ற அளவுகள், இரண்டுக்கும் எல்லை உண்டு; இரசாயன ஒட்சிசன் தேவை லீற்றருக்கு 250 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது. நிறத்துக்கும் எல்லை உண்டு, 436, 525, 620 நானோமீற்றர் என்று மூன்று அலைநீளங்களில் அளப்பார்கள். கழுவாத சக்கையில் வடித்த தண்ணீர் கண்ணுக்குத் தெளிவாக இருந்தாலும் இந்த ஒட்சிசன் கணக்கில் தோற்றுப்போகும், அவியுங்கள் அவியுங்கள் என்று நான் சொன்னதற்கு அதுவும் காரணம். அதிகாரிகள் வந்து பிடிக்கும்வரை காத்திருக்காமல் நீங்களே முதலில் போனால் பேச்சே வேறு மாதிரி இருக்கும், அதில் எனக்குச் சந்தேகமில்லை.

கீழ் லயத்தில் இரண்டு பேரைக் கூப்பிட்டுப் போத்தல்களைக் காட்டுங்கள், என்ன செய்யப் போகிறீர்கள் என்று சொல்லுங்கள். அவர்கள் பீலியைத் தாண்டிய தண்ணீரும் நிற்பதில்லை, உங்கள் பக்கத்து ஓடைகள் கெஹெல்கமு ஓயாவில் சேர்ந்து காசல்ரீ நீர்த்தேக்கத்துக்குப் போய், கடைசியில் களனி கங்கையாக அம்பத்தலேயில் கொழும்புக்குக் குடிதண்ணீராகிறது.

எனக்கு இரண்டு விஷயம் அனுப்புங்கள்: சாயப் பொதியில் ஏதாவது அச்சிட்டிருந்தால் அதன் படம், சோதனைப் போத்தல்களை நிற வரிசையோடு வெள்ளைத் தாளுக்கு முன் வைத்து எடுத்த படம். ஒரு தடவைக்கு எத்தனை லீற்றர் அலசல் தண்ணீர் வருகிறது என்பதையும் வாளிக் கணக்கில் எழுதுங்கள். பரல் எவ்வளவு பெரிதாக வேண்டும், சக்கை எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்பதை அதை வைத்துக் கணக்குப் போட்டுத் தருகிறேன்.